ஊருக்குள் ஓடுகிற வண்டி

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான் அக்கா. ஊருக்குள்ளேயே ஓடுகிற வண்டியா, தூரம் போகிற வண்டியா? யார் வந்து காருக்கு ஸ்பார்க் பிளக் கேட்டாலும் நீங்கள் இதைத்தான் முதலில் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். என்னிடமும் முன்பு கேட்டிருக்கிறீர்கள். அப்போதெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். இன்றைக்கு, அந்த ஸ்டூலில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா? பிள்ளை தோளில் தூங்குகிறாள். நின்றபடியே இருந்தால் கை மரத்துப்போகிறது.

யாராவது வந்தால் அவர்களை முதலில் கவனியுங்கள். எனக்கு அவசரம் இல்லை. வண்டி, மெக்கானிக் மந்திரம் அண்ணன் ஷெட்டில் பானட்டைத் திறந்து போட்டபடி நிற்கிறது. நான் பிளக் கொண்டுபோனால்தான் மூடுவார்.

கான்வென்ட்டில் எங்களுக்கு பியாட்ரிஸ் சிஸ்டர் என்று ஒருவர் இருந்தார்கள். கேள்வி கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது. இந்தியாவின் தலைநகரம் எது என்றால், "டெல்லி" என்று சொன்னவளுக்கு முட்டை. எழுந்து நின்று, "இந்தியாவின் தலைநகரம் டெல்லி" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அனிலா அப்பா கிண்டல் செய்வார். அனிலா இவள்தான். அவர் பெயர் கிளாட்வின். "காப்பி குடிச்சிட்டியா?" என்று கேட்பார். "நான் காப்பி குடித்துவிட்டேன்" என்பேன். "சரிங்க டீச்சர், உக்காருங்க டீச்சர்" என்பார். இப்போது பாருங்கள், நீங்கள் கேட்டதற்கு முழு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

வண்டி என் மாமனாருடையது அக்கா. பழைய பியட். அவர் உப்பளத்தில் மேனேஜராக இருந்தபோது வாங்கியது. அவர் போன பிறகு அனிலா அப்பா விற்றுவிடலாம் என்றார். அத்தை விடவில்லை. "உங்க அப்பா உக்காந்த சீட்டுல எவனோ ஒருத்தன் உக்காரவா?" என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஸ்பீடோமீட்டர் மாமனார் காலத்திலேயே செத்துப்போயிருந்தது. முள் கீழேயே கிடக்கும். கிலோமீட்டர் நம்பரும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சரிசெய்யலாம் என்று நான் சொன்னேன். "எதுக்கு? வீட்ல இருந்து ஹார்பர், ஹார்பர்ல இருந்து வீடு. இதுக்குப் போய் கிலோமீட்டர் பாக்கணுமா?" என்றார் அனிலா அப்பா. நியாயம்தானே? ஹார்பருக்குள் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் அவருக்கு வேலை. வீட்டிலிருந்து ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம்.

எனக்கும் பிளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அத்தை கேட்பார். சம்பந்தம் இவள்தான்.

ஒரு வயது முடிந்திருந்தது இவளுக்கு. காய்ச்சல் என்று மருந்து கொடுத்துப் படுக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. நான் அதற்கு முன்னால் வலிப்பைப் பார்த்தவளே இல்லை அக்கா. செத்துப்போகிறாள் என்றே நினைத்தேன். அவர் வீட்டில்தான் இருந்தார். பிள்ளையை வாரிக்கொண்டு காரில் ஏறினோம். அன்றைக்கு மழை வேறு. வண்டி தும்மித் தும்மி ஓடியது. மிஸ்ஸிங் என்பார்களே, அது. ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றது. கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள், எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப, கிர் கிர் கிர் என்று அழுகிற சத்தம் மட்டும். அவர் இறங்கி, பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, செருப்பில்லாமல் அந்த ஜல்லியில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ஒரு மீன் ஏற்றிவந்த ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பிள்ளை கண்ணைத் திறந்ததும் இவர் சுவரில் முகத்தை வைத்து அழுதார். சட்டையெல்லாம் மீன் செதில். அதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் அப்படிப்பட்டவர். பிள்ளை என்றால் உயிரை விடுவார். எந்தப் பிள்ளையானாலும்.

டாக்டர் சொன்னார், காய்ச்சல் ஏறினால் சில பிள்ளைகளுக்கு இப்படி வருமாம். பெரிய ஆபத்து இல்லையாம். ஆனால் மறுபடியும் வரலாம், உடனே கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். மறுபடியும் வரலாம் என்பதை மட்டும்தான் நான் கேட்டேன். மற்றதெல்லாம் காதில் விழவில்லை. அன்றிலிருந்து இவள் நெற்றியைத் தொடாமல் என்னால் ஒரு வாய் சாப்பிட முடியாது. சிரிக்காதீர்கள், அந்தக் காரின் பானட்டையும் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பேன்.

அந்த வாரம்தான் மந்திரம் அண்ணன் நாலு பிளக்கையும் கழற்றி ஒரு பழைய பேப்பரில் வரிசையாக வைத்துக் காட்டினார். அதோ, உங்கள் தலைக்கு மேல் மாட்டியிருக்கிற போர்டில் முதல் படம் இருக்கிறதே, கரி பிடித்தது. அச்சு அசல் அதேதான். விரலால் தொட்டால் கண்மை மாதிரி ஒட்டியது.

"ஊருக்குள்ளயே ஓடுத வண்டிம்மா இது. இஞ்சின் சூடாவுததுக்குள்ள நிறுத்திருதீங்க. பிளக் தன்மேல படிஞ்ச கரியைத் தானே எரிச்சிக்கிடணும். அதுக்குச் சூடு வேணும்லா? உங்க பிளக் குளுந்து போய் கெடக்கு. கொஞ்சம் சூடு தங்குத பிளக்கா வாங்கிட்டு வாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் நான் முதல் முதலாக இந்தக் கடைக்கு வந்தேன். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "இது ஊருக்குள் ஓடுகிற வண்டி அக்கா" என்று டாண் என்று சொன்னேன். நீங்கள் சூடு பிளக் எடுத்துக் கொடுத்தீர்கள். ஹாட் பிளக் என்றால் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கோல்ட் பிளக் என்றால் சூட்டை வெளியே தள்ளிவிடும் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். நம்பர் கூடினால் சூடு என்று ஒரு கம்பெனி, நம்பர் கூடினால் குளிர்ச்சி என்று இன்னொரு கம்பெனி, பார்த்து வாங்கணும் என்றும் சொன்னீர்கள். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பரீட்சைக்குப் படித்த மாதிரி.

புது பிளக் போட்டதும் வண்டி பட்டென்று பிடித்தது. சாவியைத் தொட்டால் போதும். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு மாதா மாதம் ஷெட்டுக்குப் போய், பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். அதுதான் நல்ல நிறம். இருந்தது. "மத்த வீட்ல மருமவ சாம்பார்ல உப்பு பாப்பா, எங்க வீட்ல மருமவ இஞ்சின்ல உப்பு பாக்கா" என்று அத்தை பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சொல்லட்டும். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வண்டி ஓடும். எனக்கு அது போதும்.

பனிமய மாதா கோயிலில் கொடியேறின சமயத்திலிருந்துதான் நிறம் மாறியது.

மந்திரம் அண்ணன் கழற்றினார், பார்த்தார், என்னிடம் நீட்டினார். வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி. பீங்கானில் பொடிப் பொடியாகக் கொப்புளம். அந்த போர்டில் நாலாவது படம். அதற்குக் கீழே இங்கிலீஷில் எழுதியிருப்பதை அன்று நான் இங்கே நின்று முழுக்கப் படித்தேன். அதிக வேகம், நீண்ட ஓட்டம், தவறான வெப்ப எண். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

"என்னம்மா இது? மதுர ரோட்டுல மிதிமிதின்னு மிதிச்ச வண்டி மாரில்லா இருக்கு?" என்றார் அவர்.

"மதுரை ரோடா? ஹார்பர் ரோட்டைத் தாண்டாத வண்டி அண்ணா இது. நீங்கள் கார்புரேட்டரில் என்னவோ செய்துவிட்டீர்கள். பெட்ரோல் குறைவாகப் போனாலும் பிளக் வெளுக்குமாமே?" என்றேன். எனக்குத் தெரியாதா என்ன.

பாவம், மனுஷன் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினார். அடுத்த மாதமும் வெள்ளை. பெட்ரோல் பங்க்கை மாற்றச் சொன்னேன். அப்போதும் வெள்ளை. பிறகுதான் உங்கள் கடைக்கு வந்து சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? டூப்ளிகேட் பிளக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கத்தினேன். நீங்களும் லேசில் விடவில்லை. "என் கடையில டூப்ளிகேட் கெடையாது. வேற எங்கயாவது போய்த் தேடு" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, குடையை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். நீங்கள் மறுநாள் ஷெட்டுக்குக் கொடுத்தனுப்பினீர்கள்.

அனிலா அப்பாவிடமும் கேட்காமல் இல்லை. "வேகமாக ஓட்டுகிறீர்களா?" என்றேன்.

"ஹார்பருக்குள்ள என்னத்த வேகம்? முன்னால கன்டெய்னர் லாரி, பின்னால கன்டெய்னர் லாரி. பிளக்கு பிளக்குன்னு உனக்கென்ன பேயா பிடிச்சிருக்கு?"

"பிளக் வெள்ளையாக இருக்கிறது."

"வெள்ளையா இருந்தா நல்லதுதானட்டி, சோப்பப் போட்டா கழுவுன?" என்று சொல்லிவிட்டு, இவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். இவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சமயத்தில் அவர் ரொம்பப் பிரியமாக இருந்தார் அக்கா. அதற்கு முன்பு சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார். கொடியேற்றத்துக்குப் பிறகு ஒரு சுடுசொல் கிடையாது. சனிக்கிழமை டூட்டி வந்த பிறகுதான் மனுஷன் அமைதியானார் என்று நான்கூட மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஆமாம், சனிக்கிழமை டூட்டி. அதைச் சொல்லவில்லையே. கப்பல் வரத்து கூடிவிட்டதாம். சனிக்கிழமை மத்தியானம் போனால் ஞாயிறு மத்தியானம்தான் வருவார். ஞாயிறு பூசைக்கு நானும் அத்தையும் பிள்ளையும் ஆட்டோவில் போவோம். நாங்கள் சாப்பாட்டை எடுத்து வைக்கும்போது கார் வந்து நிற்கும். முன் கண்ணாடி முழுக்கச் செத்த பூச்சி. அப்பியிருக்கும். ஹார்பர் லைட்டுக்கு அவ்வளவு பூச்சி வருமாம்.

அத்தை உடனே வாளியும் துணியுமாக இறங்கிவிடுவார். அதுதான் எனக்கு ஆச்சரியம். முட்டி வலி என்று கோயிலில் முழங்காலில் நிற்காதவர். ஒரு டம்ளரைக் குனிந்து எடுக்காதவர். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பம்பரில் ஒட்டிய பூச்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார். "நான் கழுவுகிறேன் அத்தை" என்றால், "நீ போய் அவனுக்குச் சோத்தப் போடு, இது உங்க மாமா வண்டி" என்பார். மாமா மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் இவளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது.

ஈரத்துணி போட்டேன், மருந்து கொடுத்தேன், மாதா செபம் சொன்னேன். கண் செருக ஆரம்பித்தது. வண்டி அவரிடம். ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் ஹார்பர் கேட். அத்தை, "நேரே போ, நேரே போ" என்று டிரைவர் தோளைத் தட்டுகிறார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். அவருக்குத் தெரிய வேண்டாமா? பிள்ளைக்கு அப்பா வேண்டாமா? வாட்ச்மேனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கிளாட்வின் சாரா? சனிக்கெழம மத்தியானத்தோட அவுக ஆபீஸ் பூட்டிருவாங்களேம்மா. எப்பவுமே அப்படித்தான்."

வாட்ச்மேன்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் அக்கா. புது ஆட்களுக்கு என்ன தெரியும்? நான் மறுபடியும் ஆட்டோவில் ஏறினேன். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இதோ இருக்கிறாள். கையைத் தொட்டுப் பாருங்கள், சூடு இல்லைதானே? நீங்களும் சொல்லுங்கள், எனக்கு என் கை மேல் நம்பிக்கை போய்விட்டது.

மறுநாள் இருட்டிய பிறகு அவர் பஸ்ஸில் வந்தார். வண்டி நின்றுவிட்டதாம். எங்கே என்று நான் கேட்கவில்லை. இவளுக்கு வலிப்பு வந்ததைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவள் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இல்லாமப் போயிட்டேனே, அப்பா இல்லாமப் போயிட்டேனே" என்று அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அழுகிற மனுஷனிடம் எதைக் கேட்பது?

திங்கட்கிழமை காலையில் மந்திரம் அண்ணன் வாசலில் நின்று அத்தையிடம் சாவி கேட்கிறார். "எட்டயபுரத்துக்கு டெம்போ எடுத்துட்டுப் போயி கட்டி இழுக்கணும்" என்று. நான் உள்ளே இருந்து, "எட்டயபுரத்துக்கா?" என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அத்தை சட்டென்று, "அங்க கப்பல் சாமான் வைக்கிற கொடவுன் இருக்குட்டி" என்றார்.

எட்டயபுரத்தில் கடல் இல்லை அக்கா. ஜியாகிரபியில் நான் எப்போதும் முதல் மார்க். எட்டயபுரம் மதுரை ரோட்டில் இருக்கிறது.

இருந்தாலும் குடோன் இருக்கலாம். இல்லையென்று நான் சொல்லவில்லை.

நேற்று ஷெட்டுக்குப் போனேன். மூன்றாவது பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனையே இல்லை. உருகி, மெழுகு மாதிரி வழிந்து நிற்கிறது. அந்த போர்டில்கூட இப்படி ஒரு படம் இல்லை. "இது ஊருக்குள்ள ஓடுத பிளக்கும்மா. தூரம் போனா சூட்ட வெளிய தள்ளத் தெரியாது. சூடு ஏறி ஏறி நெருப்புக் கட்டியா நிக்கும். நல்ல வேளை, பிஸ்டன்ல ஓட்ட விழல. விழுந்திருந்தா, ஓடுத ஓட்டத்துல இஞ்சின் இறுகி, பின்னால வார லாரிக்காரன்..." என்று சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு, "எந்தப் பிளக்குன்னு நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு ஒரு பேப்பர் பொட்டலத்தை நீட்டினார். சீட்டுக்கு அடியில் கிடந்ததாம்.

ஒரு சின்னப் பிள்ளைச் செருப்பு. ஒற்றை. சிவப்பு, மேலே பட்டாம்பூச்சி ஒட்டியது. எங்கே வாங்கியதோ. இவள் காலில் வைத்துப் பார்த்தேன். பெரிது. இவளுக்குப் பொருந்த இன்னும் இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். அவர் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவார்கள் இல்லையா? நானே எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பேன். ஆனால் குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காட்டினேன்.

"அத ஏன் இங்க கொண்டாந்த? திரும்ப கார்லயே போட்டுரு. பிள்ள தேடும்லா" என்றார்.

"எந்தப் பிள்ளை அத்தை?" என்றேன்.

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆயாத கீரையை அப்படியே அடுப்பில் போட்டுவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் வேரும் மண்ணும் கடிபட்டது. மூன்று பேரும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தோம்.

ஐயோ, அந்தத் துணியால் கண்ணைத் துடைக்காதீர்கள் அக்கா, கிரீஸ் துணி அது. எரியும். இந்தாருங்கள், என் கைக்குட்டை.

நான் அழவில்லை பார்த்தீர்களா? எனக்கு யோசனையெல்லாம் பிளக்கிலேயே நிற்கிறது. ராத்திரியெல்லாம் இதையேதான் யோசித்தேன். சூடு பிளக்கே போட்டால், என் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற அன்று வண்டி பட்டென்று பிடிக்கும். ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்த ரோட்டில் என்ன ஆகும்? பின்னால் லாரி வரும். முன் சீட்டில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பட்டாம்பூச்சிச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இவள் அப்படித்தான் உட்காருவாள். குளிர் பிளக் போட்டால் அந்தப் பிள்ளை பத்திரம். ஆனால் வாரம் முழுக்க ஊருக்குள் ஓடிக் கரி பிடித்து, திரும்பவும் ரயில்வே கேட்டில், கிர் கிர் கிர் என்று... அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது அக்கா. நான் செத்துப்போவேன்.

அது என்ன, கண்ணாடி அலமாரிக்குள் இருந்து எடுக்கிறீர்கள்? தெரியும், விலை கூடின பிளக். பழைய இஞ்சினுக்கு அதைப் போடுவது பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மீன் கழுவுகிற மாதிரி என்று மந்திரம் அண்ணன் சொல்வார். வேண்டாம். இது? நடுத்தரமா? இரண்டுக்கும் ஓரளவு ஓடுமா?

ஓரளவு வேண்டாம். ஓரளவு ஓடின வண்டிதான் கேட்டில் நின்றது.

நான் முடிவு செய்துவிட்டேன். எனக்கு இரண்டு செட் கொடுங்கள். சூடு பிளக் ஒரு செட், குளிர் பிளக் ஒரு செட். அப்புறம் ஒரு பிளக் ஸ்பேனர். நீளக் குழாய் மாதிரி இருக்குமே, அது. நானே மாற்றிக்கொள்வேன். மந்திரம் அண்ணன் செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால் வயர் மாறாது. கையால் முடிகிற வரைக்கும் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர். சனிக்கிழமை அவர் சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மாற்றுகிற நேரம் போதும். குளிர் பிளக் போட்டுவிடுவேன். ஞாயிறு வந்ததும் உடனே கழற்றக் கூடாது, சூட்டோடு கழற்றினால் திருகு மரை போய்விடும். அவர் சாப்பிட்டுத் தூங்குவார். அதற்குள் இஞ்சின் ஆறிவிடும். அத்தை கண்ணாடியைக் கழுவட்டும். நான் பக்கத்திலேயே நின்று பிளக்கை மாற்றுவேன். எங்களுக்குள் பேச்சு ஒன்றும் வேண்டியதில்லை.

அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் வெட்கப்படுவார். வெட்கப்பட்டால் சனிக்கிழமை போகாமல் இருந்துவிடுவாரோ, இல்லை ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிடுவாரோ, எனக்கு அதுதான் பயம்.

செருப்பா? பைக்குள் இருக்கிறது. ஷெட்டுக்குப் போனதும் கார் சீட்டுக்கு அடியில் போட்டுவிட வேண்டும். ஒற்றைச் செருப்போடு ஒரு பிள்ளை எத்தனை நாள் நடக்கும்?

இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. தலையைத் தாங்கி, அப்படித்தான். நான் எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் பியாட்ரிஸ் சிஸ்டர் விட மாட்டார்கள்.

இது எனக்கும் என் பிள்ளைக்கும் ஊருக்குள் ஓடுகிற வண்டி. அனிலா அப்பாவுக்கு இது தூரம் போகிற வண்டி.

இரண்டு செட்டையும் ஒரே பையில் போடாதீர்கள் அக்கா. மாறிவிடப் போகிறது.